ஏற்காடு மலைக்கு சேவை பண்ண போறப்ப நாம பண்ற தப்புங்க

சேலத்துக்காரங்களுக்கு ஒரு வசதி இருக்கு, அஸ்தம்பட்டி தாண்டி கோரிமேடு தாண்டுனா அடிவாரம் செக்போஸ்ட், அதுக்கு மேல 20 ஹேர்பின் பெண்டு, அவ்ளோதான், காடு வந்துடும். அதனாலயே இங்க "காட்டுக்கு எதாச்சும் பண்ணனும்டா"ன்னு கெளம்புற ஆளுங்க ஜாஸ்தி. காலேஜ் பசங்க, பேங்க்ல வேலை பாக்கறவங்க, கொலுசுப் பட்டறை வச்சிருக்கறவங்கன்னு எல்லாரும் வர்றாங்க, மனசுல குறை ஒண்ணும் இல்ல. ஆனா நாம மத்தியானம் பிரியாணிக்கு எறங்கி வந்தப்புறம் அங்க மிச்சம் கெடக்கற வேலைய யாரு பாக்கறாங்கன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. வனத்துறையில காவலுக்கு இருக்கற வாட்சர் அண்ணனுங்கதான் பாக்கறாங்க. நான் பண்ண தப்புங்களையும் சேத்துதான் எழுதறேன், அதனால படிக்கறப்ப கோவப்படாதீங்க.

மொதல்ல குப்பை பொறுக்கறது, ஏன்னா எல்லாரும் அங்கதான் ஆரம்பிக்கறோம். எங்க குழு மொத தடவை போனப்ப நாப்பது பேரு, நாலு மணி நேரம், கருப்புக் கவர்ல முப்பது மூட்டை கட்டி ஒரு பெண்டு ஓரமா அடுக்கி வச்சு முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டு வந்துட்டோம். எடுத்துட்டுப் போறதுக்கு வண்டி சாயங்காலம் வரும்னு ஒருத்தர் சொன்னாரு, அது வரல. மறுநாள் காலையில வாட்சர் அண்ணன் போன் பண்ணி "தம்பி, கொரங்குங்க உங்க மூட்டையெல்லாம் பிரிச்சு மேஞ்சிடுச்சு, வந்து பாருங்க"ன்னாரு. போய் பாத்தா முன்னாடி ரோட்டோரமா மட்டும் கெடந்த குப்பை இப்போ முப்பதடி பள்ளத்துல, முள்ளுக்குள்ள, பாறை இடுக்குல. ஒரு சிப்ஸ் கவர் பாதி மரத்துல தொங்குது, அதை நக்கிக்கிட்டு ஒரு குட்டி. நாங்க போகாமலே இருந்திருக்கலாம்.

அதனால குப்பை எடுக்கறதுக்கு முன்னாடி அது எங்க போய் சேருங்கறத முடிவு பண்ணுங்க. யாரு வண்டி, எத்தனை மணிக்கு, எந்த எடத்துல கொட்டப் போறோம், எதை பழைய பொருள் கடைக்காரர் வாங்குவாரு. பாட்டில வாங்குவாரு, பளபளன்னு இருக்கற சிப்ஸ் கவரை, ஷாம்பு பாக்கெட்டை யாரும் வாங்க மாட்டாங்க, அதுங்களை தனியா கட்டி பஞ்சாயத்துகிட்டயோ மாநகராட்சிகிட்டயோ ஒப்படைக்கணும், அதுவும் முன்னாடியே பேசி வச்சிருக்கணும். கண்ணாடி பீஸை சாக்குல போடுங்க, கவர்ல போட்டா தூக்கறவர் தொடைய கிழிச்சிடும். ஒடஞ்ச பீர் பாட்டில்தான் மலையில மோசமான குப்பை, காட்டெருமை குளம்புக்கு நடுவுல ஏறுனா சீழ் வச்சு நொண்டி அடிச்சு சாகவேண்டியதுதான், ஆனா போட்டோவுல நல்லா தெரியறது பிளாஸ்டிக்குங்கறதால எல்லாரும் அதையே பொறுக்குறோம். இன்னொண்ணு, 2019 ஜனவரி 1லேர்ந்து தமிழ்நாட்டுல ஒரு தடவை யூஸ் பண்ணி தூக்கிப் போடற பிளாஸ்டிக்குக்கு தடை இருக்கு, அப்படியிருந்தும் குப்பை பொறுக்க வர்ற குழு ஆளுக்கு ரெண்டு தண்ணி பாட்டில், பிளாஸ்டிக் கப்புல டீ, பத்தடி பிளெக்ஸ் பேனரோட வருது. நாங்களும் அப்படித்தான் போனோம்.

சருகை கூட்டி அள்ளாதீங்க. இதை தனியா சொல்லணும், ஏன்னா சுத்தம்னா நமக்கு வாசல் கூட்டற ஞாபகம்தான் வருது. காட்டுல எலை குப்பை கெடையாது, அதுக்கு அடியிலதான் ஈரம் நிக்குது. ஏற்காடு இருக்கற நம்ம சேர்வராயன் மலையிலேர்ந்து பெடோம்ங்கற வெள்ளக்கார வனத்துறை அதிகாரி 1863லயே விவரிச்ச ஒரு பாம்பு இருக்கு, கேடயவால் பாம்பு வகை, யூரோபெல்டிஸ் ஷார்ட்டின்னு பேரு. வெஷம் கெடையாது, மண்ணுக்குள்ளயே இருக்கும், வால் நுனி வெட்டி விட்ட மாதிரி மொட்டையா இருக்கும். சருகையும் கல்லையும் பொரட்டிப் போட்டா அதுக்கு எடமே இல்ல. மேல வந்ததுன்னா "ஐயோ ரெண்டு தல பாம்பு"ன்னு நம்ம ஆளுங்களே அடிச்சும் போடுவாங்க.

அடுத்தது மரம் நடறது. இங்கதான் மனசு ரொம்ப வலிக்கும். ஒரு தடவை அடிவாரத்துக்கிட்ட நட்ட கன்னுங்களை அடுத்த மார்ச்சுல போய் பாத்தோம், நூத்துல பொழச்சது கை விரல் விட்டு எண்ணிடலாம். காஞ்சு போன ஒண்ணை புடிச்சு இழுத்தேன், சர்ருனு கையோட வந்துடுச்சு, பாத்தா நர்சரி கருப்புக் கவர் அப்படியே இருக்கு. உள்ள வேரு முறுக்கு சுத்துன மாதிரி சுத்திக்கிட்டு சுத்திக்கிட்டு, வெளிய போக வழியில்லாம அதுக்குள்ளயே காஞ்சிருக்கு. யாரோ சீஃப் கெஸ்ட் அவசரத்துல கவரோட குழியில எறக்கிட்டாங்க, நாங்களும் மண்ணு தள்ளி மூடிட்டோம். கவரை பிளேடால கீறி உரிச்சு, மண்கட்டி ஒடையாம எறக்கி, சுத்தியிருக்கற வேரை லேசா பிரிச்சு விட்டு நடணும், ஒரு கன்னுக்கு அஞ்சு நிமிஷம் ஆகும். ஒரு மணி நேரத்துல ஆயிரம் கன்னு நட்டோம்னு யாராவது சொன்னா நான் நம்ப மாட்டேன்.

ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம்னு அன்னிக்கே நடறதும் வேணாம். நம்ம ஊருக்கு ஆகஸ்ட் செப்டம்பர்லேர்ந்து ஐப்பசி வரைக்கும் விழற மழைதான் நம்பிக்கையான மழை, அதுல நட்டா வேரு புடிக்கும். அப்பவும் ரெண்டு கோடைக்கு தண்ணி ஊத்த ஆள் வேணும், ஆடு கடிக்காம முள்ளு வேலி வேணும். எதை நடறோம்ங்கறது இன்னொரு தலவலி. அடிவாரத்துல இருக்கறது முள்ளுக்காடு, பாத்தா காஞ்சு போன பொட்டல் மாதிரி தெரியும், ஆனா அதுவும் காடுதான், முயல், கவுதாரி, காட்டுப்பக்கி எல்லாம் அதுலதான் குடும்பம் நடத்துது. அங்க போய் குழி தோண்டி குல்மோகர், தூங்குமூஞ்சி நட்டா இருக்கற காட்டையும் கெடுத்த மாதிரி ஆகிடும். வேங்கை, உசில், கருங்காலி, நெல்லி, வெப்பாலைன்னு இந்த மலையில தானா வர்ற மரம் எவ்ளோ இருக்கு, வனத்துறை நர்சரியில கேட்டுட்டு நடுங்க. நட வேணாம்னு சொன்னாங்கன்னா விட்டுடுங்க. விதைப்பந்தும் இதே கதைதான், என்ன விதைன்னே தெரியாம ஓடற பஸ் ஜன்னல்லேர்ந்து வீசிட்டுப் போறது வெளையாட்டு, அது பாறை மேல விழுந்து எறும்புக்கு தீனியாகும்.

உண்ணிச்செடி, அதாவது வெளிநாட்டுலேர்ந்து வந்து காடு முழுக்க பரவுற லாண்டானா புதர், அதை புடுங்கறது நெஜமாவே தேவையான வேலை, ஆனா அரைகுறையா பண்ணா அது நன்றி சொல்லிட்டு ரெண்டு மடங்கா வரும். அரிவாளால மேல வெட்டிட்டு வந்தீங்கன்னா அடுத்த மழைக்கு ஒரு குச்சி இருந்த எடத்துல பத்து குச்சி துளுக்கும். மண்ணுக்கு கீழ, வேரும் தண்டும் சேர்ற எடத்துல கடப்பாரையால வெட்டி எடுத்து தலகீழா கவுத்து வைக்கணும். காய் பழுத்து கருப்பாகறதுக்கு முன்னாடியே எடுக்கணும், பழுத்ததை இழுத்துக்கிட்டு நடந்தா வழியெல்லாம் நாமளே விதைச்சுட்டு போறோம். எடுத்த எடத்தை அடுத்த வருஷமும் அதுக்கடுத்த வருஷமும் போய் பாத்து மொளைச்சதை புடுங்கணும். ஒரு ஏக்கரை மூணு வருஷம் பாத்துக்கற குழு, பத்து ஏக்கரை ஒரு நாள்ல மொட்டை அடிக்கற குழுவை விட ஆயிரம் தடவை மேல். புதருக்குள்ள குருவிக்கூடு இருந்தா அதை விட்டுட்டு அடுத்ததுக்கு போங்க.

தீ விஷயத்துல நான் கண்டிப்பா பேசுவேன். பிப்ரவரியிலேர்ந்து மே வரைக்கும் மலை காஞ்சு கெடக்கும், அடிவாரத்துலேர்ந்து பாத்தா ராத்திரி செவப்புக் கோடு மாதிரி தெரியும், உடனே வாட்சப் குரூப்ல "யாரு யாரு வர்றீங்க"ன்னு ஆரம்பிச்சிடும். போகாதீங்க. தீ சரிவுல மேல ஏறறப்ப மனுஷன் ஓடறதை விட வேகமா வரும். 2018 மார்ச் 11ந்தேதி தேனி குரங்கணியில மாட்டுனவங்க டிரெக்கிங் போனவங்கதான், 23 உயிர் போச்சு, அதுக்கப்புறம்தான் மலையேற்றத்துக்கு அரசு தனியா விதி கொண்டு வந்துச்சு. பயிற்சி இல்லாம பச்சைத் தழைய ஒடிச்சிக்கிட்டு ஓடுனா ஃபாரஸ்ட் கார்டுக்கு தீயையும் பாக்கணும் உங்களையும் தேடணும். பாலியெஸ்டர் டீசர்ட் வேற, சூட்டுல உருகி தோலோட ஒட்டிக்கும். நாம பண்ணக்கூடிய வேலை தீக்கு முன்னாடி இருக்கு. தை மாசத்துல ஃபயர் லைன் எடுக்கறப்ப, அதாவது தீ தாண்டாம இருக்க பாதை மாதிரி செதுக்கி விடறப்ப, கூடப்போய் நிக்கலாம், சருகை அள்ள வேண்டிய ஒரே எடம் அதுதான். பொகைய பாத்தா எந்த பெண்டு, எந்தப் பக்கம்னு சரியா சொல்லி தகவல் குடுக்கலாம். இது போரிங்தான்.

மிருகத்துக்கிட்ட பண்றது எல்லாருக்கும் தெரிஞ்ச தப்பு, ஆனாலும் நிக்கல. கொரங்குக்கு பழம் போடறது புண்ணியம் இல்ல, அது பழத்துக்காக ரோட்டுக்கு வரும், பெண்டுல திரும்பற பஸ்ஸுல அடிபடும். காட்டெருமை ரோட்டோரம் மாடு மாதிரி சாதுவா நிக்குதேன்னு செல்போனை நீட்டிக்கிட்டு போகாதீங்க, கெடா ஆயிரம் கிலோ வரைக்கும் வரும், தலைய ஆட்டி மூச்சு விட்டுச்சுன்னா திரும்பிப் பாக்க நேரம் கெடையாது. ஆர்க்கிட் பூத்திருந்தா எடத்தோட மேப் போட்டு ஸ்டேட்டஸ் வைக்காதீங்க, அடுத்த வாரம் செடியே இருக்காது. குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்கு தன்னார்வலரா போனா மான் குட்டிய மடியில வச்சுக்கலாம்னு வர்றவங்களுக்கு, முடியாதுங்க.

கடலுக்கும் நம்ம ஊர்லேர்ந்து இப்ப நெறைய பேர் போறாங்க, ஜனவரியிலேர்ந்து மார்ச் வரைக்கும் சென்னையில ஆமை நடைக்கு ஈரோடு சேலம்லேர்ந்து வேன் கட்டிட்டு போறதை பாக்கறேன். அங்க மாணவர்கள் கடலாமை பாதுகாப்பு அமைப்பு 1988லேர்ந்து நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவுல ராத்திரி ராத்திரி நடந்து முட்டை எடுத்து காப்பாத்திட்டு இருக்காங்க. மலைக்காரங்க அங்க பண்ற தப்பு டார்ச். நமக்கு காட்டுல டார்ச் இல்லாம நடக்க பயம், அதே பழக்கத்துல பீச்சுலயும் அடிச்சா முட்டை போட வர்ற பங்குனி ஆமை அப்படியே திரும்பி கடலுக்குப் போயிடும், குஞ்சுங்க வெளிச்சம் இருக்கற பக்கம்தான் கடல்னு நெனச்சு நம்ம காலைப் பாத்து வரும். குஞ்சை கையில தூக்கி தண்ணியில விடறதும் வேணாம், அது மணல்ல தானா நடந்து போகட்டும். பிச்சாவரம் பக்கம் போய் முருங்கக்காய் மாதிரி தொங்கற சுரபுன்னை வித்தை சேத்துல குத்தி செல்பி எடுக்கறதும் இதே மாதிரிதான், தண்ணி எவ்ளோ நேரம் நிக்கும், எவ்ளோ உப்புன்னு பாக்காம குத்துனா அழுகிடும், எங்க குத்தணும்னு உள்ளூர்ல சொல்றவங்களை கேட்டுட்டு குத்துங்க.

எல்லாத்துக்கும் முன்னாடி வர்ற தப்பு ஒண்ணை கடைசியில சொல்றேன், அனுமதி. ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள, அதாவது காப்புக்காட்டுக்குள்ள, கேக்காம நுழைஞ்சா நல்லது பண்ணத்தான் வந்தோம்னு சொன்னாலும் சட்டப்படி குத்தம்தான். ரேஞ்ச் ஆபீஸ்ல தேதி, எத்தனை பேரு, வண்டி நம்பர், என்ன வேலைன்னு எழுதிக் குடுங்க. அந்த "என்ன வேலை"ய நீங்களே முடிவு பண்ணிட்டு போகாதீங்க. மேல மலையாளி பழங்குடி (கேரளாக்காரங்க இல்ல) ஊருங்க இருக்கு, பரம்பரையா அந்த காட்டோட இருக்கறவங்க, அவங்ககிட்ட போய் "காட்டை வெட்டாதீங்க"ன்னு பாடம் எடுத்துட்டு வந்த குழுவை எனக்குத் தெரியும், அப்புறம் அந்த ஊர்ல ஒருத்தரும் தண்ணி கூட குடுக்கல.

நான் ஒரு வருஷம் கழிச்சுதான் வாட்சர் அண்ணன்கிட்ட "உங்களுக்கு என்னண்ணா வேணும்"னு கேட்டேன். அவரு கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு சொன்னாரு, "நாப்பது பேரு வேணாம் தம்பி, நாலு பேரு வாங்க, மாசா மாசம் வாங்க. ரெண்டு கடப்பாரை கொண்டாங்க. அந்த பேனர் இருக்குல்ல, அதையும் கொண்டாங்க, ஷெட்டு மேல ஒழுவுது."