ஆடிக் காற்றில் சைக்கிளை முந்தும்போது

நெல்லை மாவட்டத்து வள்ளியூர், பணகுடி பக்கம் ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கிற மேல்காற்று ஆளையே தள்ளும். தெற்கே போகிற சைக்கிள்காரர் விழாமலிருக்க வலப்பக்கம் சாய்ந்தே மிதிப்பார். அந்நேரம் லாரி வலப்புறம் ஒட்டி முந்தினால் காற்று சட்டென்று மறைபடும்; சைக்கிள் லாரிப் பக்கமே சரியும். லாரி கடந்ததும் மறுபடி காற்று அடித்து இடப்பக்க மண்ணில் இறக்கிவிடும். ‘குறுக்கே வந்துட்டான்’ என்று டிரைவர் திட்டுவார். பாவம், சைக்கிள்காரர் வேண்டுமென்று வரவில்லை.

டிரைவர் அண்ணாச்சிகளே, 1.5 மீட்டராவது தள்ளி முந்துங்கள். இடமில்லையென்றால் பின்னாலேயே வாங்க. ஹாரனை 50 மீட்டர் முன்பே ஒருமுறை அடித்தால் போதும். காதுக்குப் பக்கத்தில் அடித்தால் ஹேண்டில்பார் ஆடிவிடும்.

சைக்கிளில் போகிறவர்கள் தார் விளிம்பிலிருந்து 2 அடி உள்ளே ஓட்டுங்கள். லாரிச் சத்தம் நெருங்கினால் முழங்கையை லேசாக மடக்கி, உடம்பைத் தாழ்த்துங்கள். கேரியரில் புல்லுக்கட்டு இருந்தால் இறங்கி நிற்பதே நல்லது.