அயோவாவில் முதல் மான் வேட்டை: எந்த மாதம், எந்த ஆயுதம்?

நம்ம ஊரில் மானைத் தொட்டால் ஜெயில். இந்தியாவின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்படி. அமெரிக்காவின் அயோவாவுக்கு வந்த நம்மவர்கள் வேட்டை என்றதும் "எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். முதலில் காலண்டரைப் பாருங்கள்.

படி 1: ரட் எப்போது?
இங்கிருப்பது வெள்ளைவால் மான். பகல் குறையக் குறைய இணைசேரும் பருவம், அதாவது ரட், சூடுபிடித்து நவம்பர் நடுவில் உச்சத்துக்குப் போகும். மற்ற மாதங்களில் பகலில் முகம் காட்டாத ஆண் மான், அப்போது பெட்டையின் வாடையைப் பிடித்துக்கொண்டு பட்டப்பகலில் ரோட்டைக் கடக்கும். (கார் ஓட்டுபவர்களும் கவனம்.)

படி 2: அதற்கேற்ற ஆயுதம்
அந்த வாரங்களில் வில்தான். வில் சீசன் அக்டோபர் 1-இல் தொடங்கும். டிசம்பர் முதல் சனிக்கிழமை ஷாட்கன் (துப்பாக்கி) சீசன் பிறக்கும்வரை நடக்கும். பக்கத்து இல்லினாயில் நவம்பரிலேயே துப்பாக்கி வெடிக்கும். அயோவாவில் பெரிய கொம்பன்கள் தப்பி வளர இந்தத் தள்ளிவைப்பே காரணம் என்பார்கள் இங்குள்ள வேட்டைக்காரர்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஆனால் வில்லுக்கு மான் மிக அருகில் வர வேண்டும். அதனால் கோடையிலேயே பயிற்சியை ஆரம்பியுங்கள்.

படி 3: காகித வேலை
1972 ஜனவரி 1-க்குப் பிறகு பிறந்தவர் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும். அப்புறம் லைசென்ஸ், மான் டேக் (வீழ்த்திய மானில் கட்ட வேண்டிய அனுமதிச் சீட்டு). டேக் எந்த சீசனுக்கோ அந்த ஆயுதம் மட்டும். வில் டேக்கை வைத்துக்கொண்டு துப்பாக்கியால் சுட்டால் வழக்குதான். எச்-1பி விசாக்காரர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: பொதுவாக உங்களுக்குத் துப்பாக்கி வைத்திருக்கத் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் கூட்டரசுச் சட்டம் விலக்கு தருகிறது. லைசென்ஸுக்கு முன்னால் துப்பாக்கிக் கடைப்பக்கமே போகாதீர்கள்.

படி 4: ஷாட்கன் சீசனில்
தோட்டாவில் ஒற்றைக் குண்டுதான் இருக்க வேண்டும். சிதறும் ரவைகள் கூடாது. மேலுக்குப் பளிச்சென்ற ஆரஞ்சு மேலாடை கட்டாயம்.

படி 5: விழுந்த பிறகு
மானைக் கண்டெடுத்த 15 நிமிடத்துக்குள், அதை நகர்த்துவதற்கு முன்பே டேக்கைக் கட்டுங்கள். மறுநாள் நள்ளிரவுக்குள் அரசிடம் பதிவு செய்துவிடுங்கள்.