ஒரு கதை, நாலு கேள்வி: விமர்சனம் எழுதிப் பழகுவோமா?

பாளையங்கோட்டையில எங்கிட்ட இலக்கியம் படிக்க வார பிள்ளைக மார்க்சியம், பெண்ணியம், அமைப்பியல்னு வரையறையெல்லாம் கடகடன்னு ஒப்பிச்சிருவாக, ஆனா ஒரு கதையக் கையில குடுத்து எழுதுங்கன்னா பேனா நவுராது. அணுகுமுறைங்கது கதைகிட்ட நாம கேக்குத கேள்விதான், கேட்டுப் பாத்தாத்தான் கைக்கு வரும், வாங்க செய்வோம்.

நம்ம புதுமைப்பித்தன் 1934ல எழுதுன ‘பொன்னகரம்’ எடுத்துக்கோங்க, சின்னக் கததான். அம்மாளு மில்லுக் கூலி, குதிரவண்டி ஓட்டுத புருசன் முருகேசன் அடிபட்டுக் கெடக்கான், அவனுக்குப் பால்கஞ்சி காய்ச்சணும், காசில்ல, இருட்டுச் சந்துக்குள்ள ஒருத்தன்கூடப் போறா.

மொதல்ல எந்தக் கோட்பாடும் வேண்டாம், ரெண்டு தடவ வாசிங்க, மனசு எங்க நிக்குதோ அங்க பென்சிலால கோடு போடுங்க.

மொதக் கேள்வி, எழுத்தாளர் எந்தச் சொல்லப் போட்டிருக்காரு? என்ன சொன்னாருங்கத விட எப்பிடிச் சொன்னாருன்னு பாக்குததுதான் உருவவியல் வாசிப்பு. முடிவுல அம்மாளு முக்கால் ரூபாய் ‘சம்பாதித்து’ விட்டதா எழுதுதாரு. மில்லுக் கூலிக்குச் சொல்லுத அதே சொல்லு! ‘வாங்கினாள்’னு எழுதியிருந்தா அந்த அடி விழுந்திருக்காது. நான் எப்பவும் இந்த எடத்துல ரொம்ப நேரம் நிப்பேன், மத்த அணுகுமுறை எல்லாமே இந்தச் சொல்லுக்குள்ளருந்துதான் பெறக்குதுன்னு எனக்குத் தோணும்.

ரெண்டாவது, நாள் பூரா ஒழைக்கவ கையில பால்கஞ்சிக்குக் கூட ஏன் காசில்ல? இது மார்க்சியக் கேள்வி, மார்க்சிய விமர்சகர், நாங்குநேரிக்காரர் நா. வானமாமலை நடந்த பாத. விக்கிரமசிங்கபுரத்துப் பிள்ள ஒருத்தி, அவ ஆச்சி மில்லுல வேல பாத்தவங்க, கூலிங்கத வார்த்தைய வச்சே ஒரு பக்கம் எழுதிட்டு வந்தா, எந்தக் கைடுலயும் இல்லாத பக்கம் அது.

மூணாவது பெண்ணியம். கதை முடிவுல கற்பப் பத்தி ஒரு பேச்சு வருது, அதப் பேசுதது யாரு, அம்மாளா, கதைசொல்லியா? அவ மனசு கதையில எங்க தெரியுது? தேடி வரிய எழுதி வைங்க.

நாலாவது, எழுத்தாளர் வாழ்க்கை கதையில எங்க தெரியுது? இதக் கடைசியா வைங்க. எழுத்தாளர் தொ.மு.சி. ரகுநாதன் 1951ல எழுதுன ‘புதுமைப்பித்தன் வரலாறு’ இருக்கு, அவசியம் படிங்க, ஆனா அத மொதல்லயே படிச்சா கதைய விட்டுட்டு ஆளப் பத்தி எழுத ஆரம்பிச்சிருவோம்.

இப்ப நாலுல ஒரு கேள்விய மட்டும் எடுத்து ரெண்டு பக்கம் எழுதுங்க, சொல்லுத ஒவ்வொண்ணுக்கும் கதையிலருந்து ஒரு வரி காட்டணும். மொத பாராவுல வரையறை வேண்டாம், அந்த முக்கால் ரூபாயிலருந்து ஆரம்பிங்க.