ரேஸிங் கேமில் பிளாட்டினம்: முதல் லேப்புக்கு முன்பும் மழைக்காலத்திலும்

புது ரேஸிங் கேம் வந்ததும் நேராகக் கேரியரில் (தனியாக ஆடி முன்னேறும் பகுதி) இறங்கி, இருக்கிற கோப்பையை எல்லாம் ஜெயித்துவிட்டு, கடைசியில் ஆன்லைன் பக்கம் எட்டிப் பார்ப்பவர்கள்தான் அதிகம். கேமில் குறிப்பிட்ட சாதனைகளுக்குக் கன்சோல் தரும் பதக்கம்தான் டிராஃபி, மற்றதை எல்லாம் வாங்கினால் கடைசியில் விழுவது பிளாட்டினம். அதைச் சேர்ப்பவர் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். கேரியர் எங்கேயும் ஓடிப்போகாது. சர்வர் போகும், கூட ஆட ஆளும் போகும்.

கடையில் டிஸ்க்கைக் கையில் எடுக்கும்போதே வேலை தொடங்குகிறது. கோயம்புத்தூரிலோ பாலக்காட்டிலோ செகண்ட்ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதென்றால், மலிவுக்குக் காரணம் என்ன என்று பாருங்கள். 2014-இல் வந்த 'தி க்ரூ'வின் சர்வரை 2024 மார்ச் 31 அன்று மூடிவிட்டார்கள். இணைய இணைப்பு இல்லாமல் ஓடாத கேம் அது, அதனால் தனியாக ஆடும் பகுதியும் சேர்ந்தே போனது. இன்று அந்த டிஸ்க்கை யார் விற்றாலும் வாங்காதீர்கள். 'டிரைவ்கிளப்' சர்வர் 2020 மார்ச் 31-இலும், 'கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்' சர்வர் 2024 ஜனவரி 31-இலும் நின்றன. இவற்றைத் தனியாக ஆடலாம், ஆன்லைன் டிராஃபி மட்டும் இனி விழாது. 'ஃபோர்ஸா ஹொரைசன் 4' வேறு வகை. கார், பாட்டு உரிமங்கள் முடிந்ததால் 2024 டிசம்பர் 15-இல் டிஜிட்டல் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள், டிஸ்க் இருந்தால் ஆடலாம். ஆனால் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸில் டிஸ்க் போடும் இடமே இல்லை. வாங்கி வந்த பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு.

அடுத்தது பட்டியல். மறைத்து வைத்திருக்கும் டிராஃபிகளையும் திறந்து, மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படியுங்கள். ஆன்லைன் வேண்டியவை, குறிப்பிட்ட வாரத்தில் மட்டும் வருபவை, கைத்திறன் கேட்பவை, வெறுமனே கிலோமீட்டர் ஓட்டித் தீர்ப்பவை என்று பிரியுங்கள். இதே வரிசையில்தான் முடிக்க வேண்டும். கிலோமீட்டரைத் தனியாகத் துரத்த வேண்டாம், மற்றதை முடிப்பதற்குள் பாதி தானாகவே சேர்ந்திருக்கும். பிஎஸ்5-இல் ஐந்து டிராஃபி வரை டிராக்கரில் போட்டு வைக்கலாம். அதில் முதல் இரண்டு வகையை மட்டும் போடுங்கள்.

பிளேஸ்டேஷனில் வெண்கலம் 15, வெள்ளி 30, தங்கம் 90, பிளாட்டினம் 300 புள்ளி. டிஎல்சி (பிறகு தனியாக வரும் கூடுதல் பகுதி) எத்தனை வந்தாலும் வாங்கிய பிளாட்டினத்தை அது தொடாது. எக்ஸ்பாக்ஸில் பிளாட்டினம் கிடையாது. அங்கே டிராஃபிக்குப் பெயர் அச்சீவ்மென்ட், அதற்கு வரும் புள்ளி கேமர்ஸ்கோர். பெரிய கேமுக்கு அடிப்படை 1000 கேமர்ஸ்கோர், டிஎல்சி வர வர மொத்தம் ஏறும், நீங்கள் முடித்த நூறு சதவீதம் சரியும். இது பிடிக்காதவர் கார் பேக் எதையும் தொடாமல் இருப்பதே நிம்மதி.

வாரக் கணக்குள்ளவற்றுக்கு நேரம் முக்கியம். 'ஃபோர்ஸா ஹொரைசன் 5'-இல் வாராவாரம் பருவம் மாறும், அதோடு அந்த வாரப் போட்டிகளும் பரிசுக் காரும் மாறும். அது நம் நேரப்படி வியாழன் இரவு 8 மணி. அன்று சாயங்காலம் ஏழரைக்கு உட்கார்ந்து பாக்கியை முடிக்கலாம் என்று விட்டுவைக்காதீர்கள். அந்த அரை மணியில் கரண்ட் போனால் அந்த வாரத்துக் கார் போனதுதான்.

இனி கை. முதலில் டிவியில் கேம் மோடை ஆன் செய்யுங்கள். அது இல்லாமல் ஆடினால் பட்டனை அழுத்துவதற்கும் திரையில் கார் பிரேக் பிடிப்பதற்கும் இடையே தாமதம் விழும். 'எனக்கு டைமிங் வரவில்லை' என்று புலம்புபவர்களில் பலருக்கு டிவிதான் சிக்கல். ஃபோர்ஸாவில் டெட்ஸோனை (அசைத்தாலும் கேம் கணக்கில் எடுக்காத பகுதி) உள்ளே 0, வெளியே 100 என்று வைத்தால் டிரிகரின் முழு நீளமும் உங்கள் கையில் இருக்கும். ஸ்டிக் தேய்ந்து கார் தானாக ஒரு பக்கம் இழுத்தால், ஸ்டீரிங்குக்கு மட்டும் உள் எண்ணை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். இழுப்பது நின்ற இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

'கிரான் டூரிஸ்மோ 7' லைசென்ஸ் தேர்வில் தங்கம் கிடைக்காமல் வெள்ளியிலேயே பலர் நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பிரேக்கைத் தாமதமாகப் பிடிப்பது. தாமதமாகப் பிடித்தால் கார் வேகத்தோடு வளைவுக்குள் வருகிறது. முன்சக்கரத்துக்குப் பிடிப்பு போதாமல் வெளிப்பக்கம் தள்ளுகிறது, அபெக்ஸ் (வளைவின் உள்விளிம்பைக் கார் தொட வேண்டிய இடம்) தவறுகிறது, கார் நேராகும் வரை ஆக்ஸிலரேட்டரைத் தொட முடியவில்லை. அந்த நஷ்டம் வளைவில் தெரியாது, அடுத்த நேர்ரோடு முழுக்க வட்டியோடு தெரியும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் டிரைவரைக் கவனித்திருப்பீர்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, அகலமாக எடுத்து, மூக்கு திரும்பியதும் மிதிப்பார். கேமிலும் அதேதான் வேலை செய்யும்.

பயிற்சிக்கு ஒரு வழி. முதலில் டெமோவை ஓடவிட்டு, பிரேக் எங்கே தொடங்குகிறது என்பதற்கு அசையாத ஒரு அடையாளம் பிடியுங்கள்: 100 மீட்டர் பலகை, கெர்ப் (பாதை ஓரத்தில் வண்ணம் பூசிய மேடு) தொடங்கும் இடம், பாலத்தின் தூண். நிழலை அடையாளமாக எடுக்காதீர்கள், அது நேரத்துக்கு நேரம் மாறும். அந்த இடத்தில் கார் நேராக இருக்கும்போதே முழுசாக அழுத்துங்கள். ஸ்டிக்கைத் திருப்பத் திருப்ப டிரிகரை மெதுவாக விட்டுக்கொண்டே வாருங்கள். முழு பிரேக்கும் முழுத் திருப்பமும் ஒரே நேரத்தில் கூடாது. நேரம் இன்னும் குறைய வேண்டுமென்றால் பிரேக் புள்ளியை ஒரு காரின் நீளம் மட்டும் தள்ளிப் பாருங்கள், ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். டிராக்‌ஷன் கண்ட்ரோல் (சக்கரம் வழுக்கிச் சுழலாமல் பார்க்கும் உதவி) 5-லிருந்து ஒவ்வொரு படியாக இறங்கட்டும். பின்சக்கர டிரைவ் காருக்கு 1 வைத்து ஓட்டுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஏபிஎஸ்ஸை அணைக்கவே வேண்டாம்.

ஃபோர்ஸா ரைவல்ஸில் (இன்னொருவரின் லேப் நேரத்தோடு போட்டியிடும் பகுதி) ரீவைண்ட், அதாவது தவறியதைப் பின்னோக்கி ஓட்டித் திருத்தும் பட்டன், அழுத்தினாலே அது சுத்தமான லேப்பாக எண்ணப்படாது. சுத்தமான லேப் கேட்கும் அச்சீவ்மென்ட்டுக்கு உட்காரும்போது ரீவைண்டை செட்டிங்ஸில் அணைத்துவிடுங்கள், விரல் பழக்கத்தில் போய் அழுத்தும். பணம் சேர்ப்பதற்கு 'கிரான் டூரிஸ்மோ 7'-இல் இடிக்காமல் ஓட்டினால் வரும் க்ளீன் ரேஸ் போனஸ் சில ரேஸ்களில் பரிசுத் தொகையில் பாதி வரை இருக்கும். முதல் வளைவில் முண்டியடித்து அதை இழக்காதீர்கள். பழைய புகழ்பெற்ற கார்களை விற்கும் லெஜண்ட் கார் கடையில் சரக்கு மாறிக்கொண்டே இருக்கும், பட்டியலில் கேட்கும் கார் வரும் நாளில் பையில் பணம் இல்லாவிட்டால் அது திரும்ப வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பொள்ளாச்சி, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தோட்ட வீடுகளுக்கு இன்னொரு பாடம் இருக்கிறது: கரண்ட். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் தென்னை மட்டை கம்பியில் விழுந்தால் அரை நாள் போகும். அதைவிடத் தொல்லை, பக்கத்துக் கிணற்று மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது கண நேரம் வோல்டேஜ் இறங்குவது. பல்பு மினுக்கும், கன்சோல் அணைந்துவிடும். 'கிரான் டூரிஸ்மோ 7'-இல் வழக்கமான ரேஸ்களுக்கு நடுவே சேவ் கிடையாது, அரை மணி நேர ரேஸ் அப்படியே காற்றில் போகும்.

வீட்டு இன்வெர்ட்டர் இருந்தால் பின்பக்க சுவிட்ச்சை யுபிஎஸ் மோடில் வையுங்கள். சாதாரண மோடில் மாறுவதற்குள் கன்சோல் அணைந்துவிடலாம். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருப்பது நல்லது, ஸ்கொயர் வேவில் பவர் சப்ளை இரையும், சூடாகும். தனி யுபிஎஸ் வாங்குவதென்றால் கணக்கு இதுதான்: ஆட்டத்தின் போது பிஎஸ்5 சுமார் 200 வாட், 43 அங்குல டிவி சுமார் 100, மோடம் 10 முதல் 15. பொதுவாக 360 வாட் தாங்கும் 600 விஏ யுபிஎஸ் போதும். அதில் சில நிமிடம்தான் கிடைக்கும், மெனுவுக்குப் போய் ஒழுங்காக அணைக்க அது தாராளம். மோடத்தையும் அதிலேயே மாட்டுங்கள், இணைப்பு விட்டால் 'கிரான் டூரிஸ்மோ 7' பெரும்பாலான பகுதிகளைத் திறக்காது. கரண்ட் அடிக்கடி போகும் மாதங்களில் ரெஸ்ட் மோடில் (முழுதும் அணையாத தூக்க நிலை) விட்டுவிட்டுத் தூங்காதீர்கள்.

ஐப்பசி இடி, கேரளத்துக்காரர் சொல்லும் துலாவர்ஷம், பெரும்பாலும் சாயங்காலத்தில்தான் வரும். அப்போது சுவிட்ச்சை மட்டும் அணைத்தால் போதாது. மின்னல் டிஷ் ஆன்டெனா கேபிள் வழியாக செட்டாப் பாக்ஸுக்கும், அங்கிருந்து டிவிக்கும், டிவியிலிருந்து எச்டிஎம்ஐ வழியாகக் கன்சோலுக்கும் வரும். பிளக் சாக்கெட்டில் இல்லாமலேயே எச்டிஎம்ஐ போர்ட் எரிவது இப்படித்தான். முதல் இடி தூரத்தில் கேட்கும்போதே பிளக், லேன் வயர், எச்டிஎம்ஐ மூன்றையும் கன்சோலிலிருந்து உருவிவிடுங்கள். இடி தலைக்கு மேலே வந்த பிறகு வயரில் கை வைக்க வேண்டாம்.

போன் ஹாட்ஸ்பாட்டில் ஆன்லைன் டிராஃபிக்கு உட்காராதீர்கள். எல்லையில் சிக்னல் தமிழ்நாட்டு டவருக்கும் கேரள டவருக்கும் தாவும்போது லாபியிலிருந்து (ரேஸுக்கு முன் ஆட்கள் கூடும் ஆன்லைன் அறை) விழுந்துவிடுவீர்கள். தாவாவிட்டாலும் மொபைல் நெட்டில் நாட் டைப் ஸ்டிரிக்ட் (மற்றவர் கன்சோலோடு நேராக இணைய விடாத நிலை) என்று காட்டி, நண்பரின் லாபிக்குள்ளேயே விடாமல் போகலாம். ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில் ஒரு நாள் கன்சோலை வைத்து ஆன்லைன் பகுதியை மட்டும் முடித்துக்கொள்ளுங்கள்.

கூட ஆட ஆள் வேண்டிய டிராஃபிக்கு விடுமுறையைப் பார்த்து நாள் குறியுங்கள். ஓண விடுமுறையில் கொழிஞ்சாம்பாறைப் பையன்கள் வீட்டில் இருப்பார்கள், பொள்ளாச்சிப் பையன்களுக்கு அப்போது காலாண்டுத் தேர்வு நெருங்கியிருக்கும். இரு பக்கமும் ஒன்றாகக் காலியாக இருப்பது ஏப்ரல் கடைசியும் மே மாதமும்.