குளிர்ந்த மாதிரி, கெட்டுப்போன நிறமாலை: எங்கே தவறுகிறோம்?

திரவ மாதிரியைக் குளிரவைத்து அகச்சிவப்பு நிறமாலை (எந்த அகச்சிவப்பு ஒளியை மாதிரி எவ்வளவு உட்கவர்கிறது என்ற பதிவு) எடுக்கும்போது குளிரவைப்பது பெரிய பாடு அல்ல. திரவ நைட்ரஜன் அதைச் செய்துவிடும். பாடாய்ப் படுத்துவது காற்றில் உள்ள ஈரம்.

செல்லின், அதாவது மாதிரியை அடைக்கும் சிறு கலத்தின், ஒளி புகும் சாளரம் பொட்டாசியம் புரோமைடாகவோ சோடியம் குளோரைடாகவோ இருந்தால், அதன்மேல் படியும் நீரே அதைக் கரைத்து மங்கலாக்கிவிடும். கால்சியம் ஃபுளோரைடு நீருக்கு அஞ்சாது. ஆனால் அதன்மீதும் உறைபனி படியும்; நிறமாலையில் 3250 அலையெண் (ஒரு செ.மீ. நீளத்தில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) அருகே அகலமான பட்டை, அதாவது உட்கவர்தல் மேடு, ஒன்று எழும். அதை மாதிரியின் ஹைட்ராக்சில் (O–H) பட்டை என்று குறித்துக்கொண்டு மகிழ்பவர்கள் உண்டு! செல்லைச் சுற்றி வெற்றிட உறை வேண்டும்; இல்லையேல் குளிர்விக்கத் தொடங்கும் முன்பே உலர் நைட்ரஜனை ஓடவிட வேண்டும். பனி படிந்த பிறகு ஓடவிட்டுப் பயனில்லை.

அடுத்தது கரைப்பான். பழக்கதோஷத்தில் கார்பன் டெட்ராகுளோரைடை எடுப்பார்கள். அது மைனஸ் 23 டிகிரியிலேயே உறைந்துவிடும். உறைந்தால் ஒளி சிதறி, நிறமாலையின் அடிக்கோடு (பட்டை இல்லாத இடத்துக் கோடு) சாய்ந்துவிடும். மைனஸ் 80 வரை போக வேண்டுமென்றால் டைகுளோரோமீத்தேன் தாங்கும். கரைப்பான் உறையாவிட்டாலும் கரைபொருள் படிகமாகப் பிரிந்துவிடலாம். பட்டைகள் திடீரெனச் சிறுத்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

பலரும் கோட்டைவிடுவது அடர்த்தியில். இத்தகைய கரைப்பான்கள் 50 டிகிரி குளிர்ந்தால் சுமார் 6 சதவீதம் சுருங்கும். அந்த அளவுக்குச் செறிவு கூடும், உட்கவர்தலும் கூடும். இதில் வேதியியல் ஏதுமில்லை. நீர்த்த மெத்தனாலில் 3640 அருகே உள்ள தனித்த (பிற மூலக்கூறோடு பிணையாத) ஹைட்ராக்சில் பட்டை குறைந்து, 3350 பக்கம் அகன்ற பட்டை வளர்ந்தால் அது ஹைட்ரஜன் பிணைப்பு. சுருக்கத்தைக் கணக்கில் எடுக்காமல் அடர்த்தி மாற்றத்தையும் ஹைட்ரஜன் பிணைப்பையும் பிரித்துச் சொல்ல முடியாது. மூடிய செல்லில் சுருங்கிய திரவம் ஒரு குமிழையும் விட்டுவைக்கும். அது கதிரின் வழியில் நின்றால் அளவீடே வீண்.

குளிர்ந்த மாதிரியின் நிறமாலையிலிருந்து, அறை வெப்பநிலையில் எடுத்த கரைப்பான் நிறமாலையைக் கழிப்பதும் தவறு. குளிரில் கரைப்பானின் பட்டைகள் கூர்மையாகி இடமும் நகரும். கழித்த இடத்தில் மேலும் கீழுமாய் நெளிவுகள் மிஞ்சும். அதே வெப்பநிலையில் கரைப்பானைத் தனியே அளந்துகொள்ளுங்கள்.

கருவி காட்டும் எண் பெரும்பாலும் செல்லைப் பிடித்திருக்கும் உலோகக் கட்டையின் வெப்பநிலை, திரவத்தினுடையது அல்ல. அடுத்தடுத்து எடுத்த இரண்டு நிறமாலைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்வரை காத்திருங்கள். அவசரப்பட்டுக் குளிர்வித்தால் சாளரம் விரிசல்விடும். வேலை முடிந்ததும் செல் அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். உப்புச் சாளரங்கள் பலவும் பாழாவது அந்தக் கடைசிப் பத்து நிமிட அவசரத்தில்தான்.