விளக்கெண்ணெயும் தேன்மெழுகும் கொண்டு மசகுக் களிம்பு தயாரிக்கும் முறை

கதவுக் கீலுக்கும் தோட்டக் கத்தரிக்கும் இடுகின்ற மசகு என்றேனும் ஒருநாள் சொட்டி மண்ணில் கலக்கத்தான் செய்யும். பெட்ரோலிய மசகை விடத் தாவர எண்ணெய் மண்ணில் மிக விரைவாகச் சிதைகிறது. அதிலுள்ள எஸ்டர் பிணைப்பை, அதாவது கொழுப்பு அமிலங்களைக் கிளிசராலோடு இணைக்கும் பிணைப்பை, நுண்ணுயிரிகளின் நொதிகள் எளிதில் அறுத்துவிடுவதே இதற்குக் காரணம். ஆனால் அதே பிணைப்பு ஈரம் பட்டாலும் உடைந்து அமிலத்தை உண்டாக்கும். கொழுப்பு அமிலங்களில் உள்ள இரட்டைப் பிணைப்புகளோ காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து எண்ணெயைப் பிசினாக்கும். ஆகவே, இந்தச் செய்முறையில் அளவுகளைக் காட்டிலும் எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதும் ஈரத்தை நீக்குவதுமே முக்கியம் என்பேன்.

எந்த எண்ணெய் எவ்வளவு எளிதில் பிசினாகும் என்பதை அயோடின் எண், அதாவது எண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் எவ்வளவு உள்ளன என்பதற்கான அளவு, ஓரளவு காட்டிவிடும். ஆளிவிதை எண்ணெய்க்கு அது 170-க்கு மேல் இருப்பதால், மெல்லிய படலமாகப் பூசினால் உலர்ந்து வார்னிஷ் போல இறுகிவிடும். மசகுக்கு அது உதவாது. வழக்கமான சூரியகாந்தி எண்ணெய்க்கு 120 முதல் 140 வரை இருக்கும். தேங்காய் எண்ணெய்க்கு 10-ஐ ஒட்டியே இருந்தாலும், 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே அது உறைந்துவிடுகிறது. விளக்கெண்ணெயின் எண் ஏறத்தாழ 82 முதல் 90 வரை. காற்றுப் பட்டாலும் அது உலர்ந்து இறுகுவதில்லை. மேலும், அதன் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு ரிசினோலியிக் அமிலம். அந்த அமிலத்திலுள்ள ஹைட்ராக்சில் (OH) என்ற அணுத் தொகுதியால் எண்ணெய் கெட்டியாக இருப்பதோடு உலோகத்தையும் நன்கு பற்றிக்கொள்கிறது. முதல் உலகப்போர்க் கால விமானங்களின் சுழல் எஞ்சின்களுக்கு இதையே மசகாக ஊற்றினார்கள் என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கது.

தேவையானவை: விளக்கெண்ணெய் 85 கிராம், தேன்மெழுகு 15 கிராம், வைட்டமின் ஈ எண்ணெய் அரை கிராம், ஒரு வெப்பமானி, கனமான அடிப்பாகம் கொண்ட எவர்சில்வர் பாத்திரம். செம்புப் பாத்திரம் கூடாது. செம்பு ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும்.

முதலில் எண்ணெயை மட்டும் சிறு தீயில் 105 முதல் 110 டிகிரி வரை சூடாக்குங்கள். ஈரம் இருந்தால் பாத்திரத்தின் அடியிலிருந்து நுண்ணிய குமிழிகள் எழும்பி மேலே வந்து மெல்ல வெடிக்கும். சில சமயம் சுருக்கென்று தெறிக்கவும் செய்யும் என்பதால், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு அருகிலேயே இருக்க வேண்டும். குமிழிகள் அடங்கி எண்ணெய் அசைவற்றுத் தெளிந்ததும் அடுப்பை அணைத்துவிடலாம். இந்தப் படியை அவசரப்பட்டு முடித்தால் களிம்பு சில மாதங்களிலேயே காறல் வாடை வீசும்.

எண்ணெய் 80 டிகிரிக்கு இறங்கியதும் சீவிய மெழுகைச் சேர்த்துக் கரையுங்கள். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகுவதால் மீண்டும் சூடாக்க வேண்டியதில்லை. 70 டிகிரியை ஒட்டி வரும்போது வைட்டமின் ஈ-யைக் கலந்து, கலவை வெண்மை படர்ந்து கெட்டியாகும் வரை கைவிடாமல் கிளறுங்கள். கிளறாமல் ஆறவிட்டால் மெழுகு மணி மணியாகத் திரண்டுவிடும்.

ஆறிய களிம்பில் சிறிது எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். நெருநெருப்பின்றி வழுக்க வேண்டும். இறுக்கமாகத் தோன்றினால் மறுபடி உருக்கி எண்ணெயையும், ஒழுகினால் மெழுகையும் சிறிது கூட்டலாம். பிறகு ஓர் இரும்புத் தகட்டில் மெல்லியதாகப் பூசி, இரண்டு வாரங்கள் திறந்த வெளியில் வைத்து, பிசுபிசுப்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மீதியை ஈரமில்லாத சிறு குப்பியில் வாய்வரை நிரப்பி, தயாரித்த நாளை எழுதி, வெளிச்சம் படாத இடத்தில் வைக்க வேண்டும்.

பூசுவதற்கு முன்பு பழைய கிரீஸை முழுவதும் துடைத்தெடுங்கள். விளக்கெண்ணெய் பெட்ரோலிய எண்ணெயோடு நன்றாகக் கலப்பதில்லை. மெதுவாக இயங்கும் கீல், திருகு, கைக்கருவிகளின் இணைப்பு ஆகியவற்றுக்கு இந்தக் களிம்பு பொருந்தும். வாகன எஞ்சினுக்கும், வேகமாகச் சுழன்று சூடேறும் பேரிங்குகளுக்கும், பிரேக் பகுதிகளுக்கும் இதை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். எஞ்சியதைச் சாக்கடையிலோ குளத்திலோ கொட்டவும் கூடாது. எளிதில் சிதையும் எண்ணெயே ஆனாலும், சிதையும்போது நீரிலுள்ள ஆக்சிஜனை அது உறிஞ்சிவிடும்.