பழைய புலப்பட லிங்க்ஸை அடி, மீட்டர், சென்ட்டாக மாற்றுவது எப்படி?

மேலூர்ப் பக்கம் உள்ள எங்கள் குடும்ப நிலத்தைப் பாகம் பிரிக்க உட்கார்ந்தபோது, பத்திரத்தில் அடிக்கணக்கு, பழைய புலப்படத்தில் (வயலின் நில அளவைப் படம்) லிங்க்ஸ், சிட்டாவில் ஹெக்டேர்-ஏர்ஸ். வயல் என்னவோ ஒன்றுதான். மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்த முறையை இங்கே எழுதுகிறேன். ஆவணங்களைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில், படத்தில் இருப்பது எந்த அளவு என்று பாருங்கள். 250, 184 என்று முழு எண்களாக இருந்தால் பெரும்பாலும் லிங்க்ஸ். 50.2 என்று புள்ளி வைத்திருந்தாலோ, அளவுத்திட்டம் 1:1000, 1:2000 என்று இருந்தாலோ மீட்டர்.

இந்த லிங்க், 1620-இல் எட்மண்ட் கன்ட்டர் வகுத்த சங்கிலியின் ஒரு கண்ணி. சங்கிலி 66 அடி, அதில் 100 லிங்க். ஆகவே 1 லிங்க் 0.66 அடி, அதாவது 20.1168 செ.மீ. பத்துச் சங்கிலி ஒரு பர்லாங், எண்பது சங்கிலி ஒரு மைல்.

அடுத்து பரப்பு. 66 என்ற எண்ணின் அருமை இங்கேதான் தெரியும். பத்துச் சதுரச் சங்கிலி சரியாக ஒரு ஏக்கர். ஏக்கரில் நூறில் ஒரு பங்கு சென்ட்; அதனால் 1000 சதுர லிங்க் ஒரு சென்ட். நீளத்தையும் அகலத்தையும் லிங்க்ஸிலேயே பெருக்கி 1000-ஆல் வகுத்தால் போதும். 250 × 180 = 45,000; ஆக 45 சென்ட். அடியில் போட்டாலும் அதுதான்: 165 × 118.8 = 19,602 சதுர அடி, ஒரு சென்ட்டுக்கான 435.6-ஆல் வகுத்தால் 45.

எனக்கு நெடுநேரம் பிடிபடாத இடம் இனிதான். "அஞ்சு லிங்க் ஒரு மீட்டர்" என்று ஊரில் சொல்வார்கள். 20 மீட்டர் மெட்ரிக் சங்கிலிக்கு அது சரி, அதன் லிங்க் 20 செ.மீ.தான். கன்ட்டர் லிங்க் அதைவிடக் கொஞ்சம் நீளம். அந்தக் கொஞ்சத்தை விட்டால் மேலே சொன்ன வயல் 50 × 36 = 1800 சதுர மீட்டர் ஆகிவிடும். உண்மையில் அது 1821 சதுர மீட்டர், சிட்டாக் கணக்கில் 18.21 ஏர்ஸ் (100 சதுர மீட்டர் ஒரு ஏர்ஸ்). நீளத்தில் அரை சதவீதம் சொச்சம் விடும் பிழை, பரப்பில் இரட்டிப்பாகிறது. 45 சென்ட்டில் அரை சென்ட்டுக்கு மேல், சுமார் 227 சதுர அடி போய்விடும். பங்காளிகளுக்குள் வழக்கு வர அது போதும். மீட்டர் வேண்டுமென்றால் 0.201168-ஆல் பெருக்குங்கள், சுருக்காதீர்கள்.

அலகு மாற்றும் செயலிகளை நான் நம்புவதில்லை. 100 அடிச் சங்கிலி என்று இன்னொன்று உண்டு, அதில் லிங்க் ஒரு அடி. சில செயலிகளில் இரண்டும் பக்கத்திலேயே இருக்கும். 100 லிங்க் போட்டு 66 அடி வந்தால் மட்டும் தொடருங்கள். சாதாரண கால்குலேட்டரும் ஒரு நோட்டும் போதும் என்பது என் கருத்து. போனை வைத்துக்கொண்டு வரப்பைச் சுற்றி நடந்து அளக்கும் செயலி எல்லைக்கு உதவாது, சில மீட்டர் வரை தள்ளிக் காட்டும்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த பலர், "எங்கள் வயல் சதுரமாக இல்லையே" என்று கேட்டிருந்தார்கள். படத்தில் உள்ள குறுக்குக்கோட்டை அடிப்பக்கமாக வைத்து, நிலத்தை முக்கோணங்களாகப் பிரியுங்கள். 300 லிங்க் கோடு, அதற்குச் செங்குத்து 120 லிங்க் என்றால், 300 × 120 ÷ 2 = 18,000; 18 சென்ட். எல்லா முக்கோணங்களையும் கூட்டினால் மொத்தம் வந்துவிடும்.

இன்னொருவர் பத்திரத்தில், குழி என்ற பழைய பரப்பளவுக் கணக்கு இருந்தது. தஞ்சைப் பக்கத்து 144 சதுர அடிக் குழியை அப்படியே இங்கே போடாதீர்கள். குழி, அளந்த கோலின் நீளத்தைப் பொறுத்தது. பத்திரத்திலேயே "இத்தனை அடிக் கோலால்" என்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள்.

அப்புறம், வயலில் நாடா பிடிக்கும்போது அதில் அடி அளவு குறித்த பக்கத்தையே பாருங்கள். லிங்க்ஸிலிருந்து அடிக்கு 0.66 என்பது மிச்சமில்லாத கணக்கு, தசமத்தைச் சுருக்கும் வேலையே வராது.